காவடிக்கு மயிற்பீலி

பங்குனி உத்திரம் நெருங்கினால் சங்கத்து அன்பர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரு வேண்டுகோள் தவறாமல் இருக்கும்: காவடிக்கு மயிற்பீலி வேண்டும். நான் ராஜஸ்தானத்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பதால், பீலி இங்கே கொட்டிக் கிடக்கும் என்பது அவர்கள் எண்ணம். கிடப்பது மெய்தான், ஆனால் பங்குனியில் அன்று.

பீலியை மயிலின் வால் என்கிறோம். உண்மையில் வால் வேறு. அது குட்டையாய், பழுப்பு நிறமாய்ப் பின்னே நின்று, விரித்த தோகையைத் தாங்குகிறது. அவ்வாலின் அடியை மூடி வளரும் மேலிறகுகளே பீலிகள். ஓர் ஆண்மயிலுக்குச் சுமார் 200 இருக்கும். மழைக்காலம் கழியும்போது அவை தாமே உதிர்கின்றன. எங்கள் குடியிருப்பின் பின்னுள்ள வேப்பமரங்களில் மயில்கள் இரவில் அடையும். ஆவணி, புரட்டாசி விடியல்களில் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் அம்மரங்களின் அடியில் பீலி பொறுக்குவார்கள். தோகையற்ற மயில் அந்நாட்களில் புதரோரமாகவே நடக்கும். வெட்கமோ என்று எனக்குத் தோன்றும். மாசிக்குள் தோகை மீண்டும் வளர்ந்துவிடும்.

ஆகவே பங்குனியில் ஒருவன் புதுப்பீலி என்று கட்டுக்கட்டாய் விற்றால், தண்டின் அடியைப் பாருங்கள். உதிர்ந்த பீலியின் அடி உலர்ந்து, தூய்மையாய் இருக்கும். பிடுங்கியதில் இரத்தக்கறை இருக்கும். அடியையே நறுக்கிவிட்டிருந்தால், ஏன் நறுக்கினாய் என்று கேளுங்கள்.

மயில் 1963இல் நாட்டின் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதனைக் கொல்வதைக் குற்றமாக்கியது. ஆயினும் சென்ற ஆனியில், கம்பு விதைப்பின்போது, பூச்சிமருந்து தடவிய விதையைத் தின்ற மூன்று மயில்கள் இருப்புப்பாதையோரம் மடிந்து கிடந்தன. செய்தி கேட்டு நாங்கள் செல்வதற்குள் இரண்டின் தோகையை யாரோ பிடுங்கிச் சென்றுவிட்டனர். மூன்றாவது பேடை, அதைத் தொட்டவர் இல்லை. பேடைக்குத் தோகை ஏது? தரையில் நாலைந்து முட்டையிட்டு, 28 நாள் தனியே அடைகாத்து, குஞ்சுகளையும் அதுவே வளர்க்கிறது. ஆண்மயில் அப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தப் பீலிகளும் எங்கோ ஒரு கடைக்குத்தான் சென்றிருக்கும். நான் அனுப்புவது சிறுவர்கள் பொறுக்கியவை மட்டுமே. வேப்பிலைச் சருகிட்டுப் பெட்டியில் வைத்தால் பங்குனிவரை பூச்சி அரிப்பதில்லை. வேண்டுவோர் எண்ணிக்கையை ஆடிக்குள் எழுதுக.