தெரிந்து தெளிந்து வீடு கட்டுவோம்

புதுவீடு மந்திரிக்க நம்மை அழைக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவை காலணித் தொழிற்சாலைகளிலும் தோல் பதனிடும் ஆலைகளிலும் உழைத்துப் பிழைப்பவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் இதுவே நிலை. தாயும் மகளும் ஆண்டுக்கணக்கில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து சேர்த்த வருங்கால வைப்புநிதி, அடகுக் கடைக்குப் போன நகை, வங்கிக் கடன் ஆகிய மூன்றும் கூடியே ஒரு வீடாகின்றது. ஆயினும், ஆயுளில் ஒரே முறை கட்டும் அவ்வீட்டை எந்த ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது என்று ஆராய, கல்யாணப் புடவை எடுக்கச் செலவிடும் நேரத்தைக்கூட நம்மவர் செலவிடுவதில்லை.

"நம் பங்கைச் சேர்ந்தவர்", "மச்சானுக்குத் தெரிந்த மேஸ்திரி", "சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டார்" என்பனவே வழக்கமான காரணங்கள். நம்மிடம் வந்து, "சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்" என்போரும் உண்டு. ஒருவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார் என்பதை நாம் அறிவோம். அவர் போட்ட தளம் ஒழுகுமா என்பதை அறியோம். ஆகையால் சிபாரிசு செய்வதில்லை. போய்ப் பார்த்து விசாரியுங்கள் என்றே சொல்லி அனுப்புகிறோம்.

விசாரிப்பது பிறரன்புக்கு விரோதமாகுமோ என்று சிலர் தயங்குகின்றனர். கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்க இயலாமல் ஊராரின் நகைப்புக்கு ஆளாகும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவரே எச்சரித்திருப்பதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வள்ளுவப் பெருந்தகையோ 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். சோதியாமல் பொறுப்பை ஒப்படைப்பதும், சோதித்து ஒப்படைத்தபின் ஓயாமல் சந்தேகிப்பதும் இரண்டும் கேடு என்பது அவர் கருத்து. வீடு கட்டுவோர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை வேறில்லை.

முதலாவதாக, ஒப்பந்தக்காரர் சென்ற மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள். புதுச் சுண்ணாம்பு எல்லாக் குறைகளையும் மறைக்கும். மூன்று, நான்கு மழைக்காலங்களைக் கண்ட வீடுகளின் முகவரியைக் கேளுங்கள். அவரை உடன் அழைத்துக்கொள்ளாமல், கணவனும் மனைவியுமாகச் சென்று அவ்வீட்டாரிடம் பேசுங்கள். தளம் ஒழுகுகிறதா? குளியலறைச் சுவரின் மறுபுறம் ஈரம் கசிகிறதா? சொன்ன தேதிக்கும் முடித்த தேதிக்கும் எவ்வளவு இடைவெளி? பாதியில் தொகையை உயர்த்தினாரா? பணம் முழுவதும் கைக்கு வந்தபின், பழுது என்று கூப்பிட்டால் வந்தாரா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே ஆளை உள்ளபடி காட்டும்.

சுவரும் தளமும் உயிர்களுக்குக் காவலாக நிற்பவை. 2021 நவம்பர் 19 அன்று, பெருமழையின்போது பேரணாம்பட்டில் ஒரு வீட்டின் சுவர் இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டனர். அத்துயரத்தை நம் வட்டாரம் மறப்பதற்கில்லை.

இரண்டாவதாக, அவரிடம் வேலை செய்யும் கொத்தனாரையும் சித்தாளையும் கேளுங்கள். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே கிடைக்கிறதா? 1994 முதல் இயங்கிவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா? சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் மருத்துவச் செலவு யாருடையது? கொடுக்கப்படாத கூலி ஆண்டவரின் செவிக்கு எட்டும் கூக்குரல் என்பது புனித யாகப்பரின் போதனை. கூலியைப் பிடித்து வைப்பவர் உங்கள் சிமெண்டிலும் கை வைக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? சிமெண்டு, கம்பி விற்கும் கடைக்காரரையும் விசாரியுங்கள். பழைய பாக்கியில் மூழ்கியவர் உங்கள் முன்பணத்தைக்கொண்டு முந்தைய வீட்டின் கடனை அடைப்பார். உங்கள் வேலையோ கடைக்காலோடு நின்றுவிடும்.

மூன்றாவது சோதனை நம் வட்டாரத்துக்கே உரியது. அது தண்ணீரைப் பற்றியது. தோல் ஆலைக் கழிவுகளால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டதைக் குறித்து, 1996 ஆகஸ்டு 28 அன்றும் மீண்டும் 2025 சனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உவர் நீரைக்கொண்டு கான்கிரீட் கலந்தால், உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். சில ஆண்டுகளில் தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து விழும். கம்பி இட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. ஆதலால் ஒப்பந்தக்காரரிடம், "எந்தத் தண்ணீரில் தளம் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். "கிணற்றுத் தண்ணீர் எதுவானால் என்ன?" என்பாரேல் வணக்கம் கூறி விடைபெறுங்கள். "பரிசோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம், உவராயிருந்தால் லாரித் தண்ணீர் வாங்குவோம்" என்பாரேல் தொழில் அறிந்தவர். தளத்துக்கு எத்தனை நாள் நீர் ஊற்ற வேண்டும் என்றும் கேளுங்கள். இப்போது பெரிதும் விற்பனையாகும் கலப்புச் சிமெண்டானால் குறைந்தது 10 நாள் என்று சொல்ல வேண்டும்.

நான்காவதாக, மூவரிடமேனும் மதிப்பீடு வாங்கி வரிவரியாக ஒப்பிடுங்கள். மிகக் குறைந்த தொகை கேட்டவரின் தாளில் கழிவுநீர்த் தொட்டி, மாடிப்படி, நிலத்தடித் தொட்டி ஆகியவை விடுபட்டிருக்கலாம். கம்பியின் தரம், தளத்தின் கனம், முடிக்கும் தேதி யாவும் முத்திரைத்தாளில் எழுதப்பட வேண்டும். வீட்டுக் கடன் தரும் வங்கி பணத்தை ஒரே தடவையில் தருவதில்லை. கடைக்கால், லிண்டல், தளம் என வேலை முடிய முடியத் தருகிறது. நீங்களும் அவ்வாறே செய்து, ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெறுங்கள். ஒரு சிறு பகுதியை முதல் மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பதாகவும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துச் சான்று இருந்தால், தகராறு வரும்போது நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தெளிவுபடுத்தியுள்ளது.

இவ்வளவும் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. தேர்ந்தெடுத்தபின் நமக்கும் கடமைகள் உண்டு. வாரந்தோறும் வரைபடத்தை மாற்றுவதும், முடிந்த வேலைக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பதும், வேலையாட்களின் முன் மேஸ்திரியை இழிவாகப் பேசுவதும் கிறிஸ்தவ நீதியாகா. நாம் தாமதிக்கும் பணம் யாரோ ஒரு சித்தாளின் வீட்டு அடுப்பை அணைக்கிறது.

நேர்மையான தொழிலாளி கேள்விகளுக்கு அஞ்சுவதில்லை. தன் கைவேலையை நாலுபேர் வந்து பார்ப்பது அவருக்குப் பெருமையே. தச்சராய் உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரிடம் வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிய கையோடு, அவர் கட்டிய பழைய வீடுகளின் முகவரியையும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள்.