கொடுத்தவர் யார்?

மணிமேகலையை முதன்முறை வாசித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது அமுதசுரபி அல்ல, ஓர் எலும்புக்கூடு. சாவக நாட்டு அரசன் புண்ணியராசன் மணிபல்லவத்துக்கு வருகிறான். முற்பிறப்பில் அவன் ஆபுத்திரன். ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் இரவில் அவனை விட்டுச் சென்றுவிட, பசித்தவர் எவருமில்லாத தீவில் தனித்து நின்றவன். இனி இதனால் யாருக்குப் பயன் என்று அமுதசுரபியைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தவன். இப்போது அரசனாக வந்து, புன்னை நிழலில் மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே பார்க்கிறான். அவனைத் தேடித் திரும்பி வந்து, செய்தியறிந்து உயிர்விட்ட ஒன்பது வணிகரின் எலும்புகளும் அங்கே கிடக்கின்றன. அந்தச் சாவுகளும் உன்னால் நேர்ந்தவையே என்கிறாள் தீவதிலகை.

மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. பாம்பனில் வளர்ந்த எனக்கு அது எதிர்க்கரையில் நடந்த கதையாகவே பட்டது.

சிக்கல் பின்னால் வந்தது. அதே காப்பியத்தின் முடிவில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் தருமத்தில் நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களின் சேர்க்கை மட்டுமே உண்டு. பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரு நிதானங்கள் ஒன்றைச் சார்ந்து ஒன்றாய்ச் சுழல்கின்றன, சுழற்றுபவர் எவருமில்லை. அப்படியானால் புண்ணியராசன் தோண்டியெடுத்தது யாருடைய எலும்பு? வணிகர் ஒன்பது பேரின் சாவுக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்? பிறப்பு உண்டு, பிறப்பவர் இல்லை. வினை உண்டு, செய்தவர் இல்லை. உ.வே.சாமிநாதையரே 1898இல் இந்நூலைப் பதிப்பிக்குமுன் பௌத்தக் கருத்துகள் விளங்காமல் திணறி, கும்பகோணத்தில் ரங்காசாரியரிடம் கேட்டுத் தெளிந்தார் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல்.

மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாந்தரிடம் நாகசேனர் தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்பதை எல்லோரும் அறிவோம். எனக்குத் தேர் தேவைப்படவில்லை. பாலம் இருந்தது.

என் அப்பா பாம்பன் ரயில் பாலத்தில் கேங்மேன். நாளெல்லாம் துருவைச் சுரண்டுவதும் வர்ணம் பூசுவதும் போல்ட்டுகளை முடுக்குவதுமே அவர் வேலை. உப்புக்காற்றில் இரும்பு தின்னப்பட்டுக்கொண்டேயிருக்கும், மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். 1914இல் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் 126 கண்களின் கர்டர்கள் கடலுக்குள் போயின. கடலடியில் கிடந்தவற்றைத் தேடியெடுத்து மறுபடி ஏற்றி, 46 நாட்களில் ரயிலை ஓடவிட்டார்கள். 2007இல் அகலப்பாதை வந்தது. "இதுல வெள்ளக்காரன் போட்ட இரும்பு எவ்வளவு மிச்சம்னு யாருக்கும் தெரியாது" என்பார் அப்பா. ஆனாலும் அது 1914ஆம் ஆண்டுப் பாலம் என்றே சொல்வார்.

மணிமேகலையின் கடைசிக் காதையில் இதற்கு ஒரு பெயரே உண்டு. நாம் ஒன்றுக்குப் பெயரிட்டு வழங்கும் வகைகளில் இரண்டைத் தொகை, தொடர்ச்சி என்கிறது காப்பியம். பலவற்றின் கூட்டத்தை உடம்பு என்றும் நாடு என்றும் சொல்வது தொகை. வித்து, முளை, தாள் என்று மாறிக்கொண்டே போவதை நெல் என்று ஒரே பெயரால் சொல்வது தொடர்ச்சி. முளைக்குள் வித்து ஒளிந்திருக்கவில்லை. வித்தில்லாமல் முளை வந்ததுமில்லை.

அறிவுக்கு இது போதுமானதாக இருந்தது. மனத்துக்கு இல்லை. பாலத்துக்குக் கடனும் கோபமும் கிடையாதே.

எனக்குக் கோபம் இருந்தது. 1993இல் என் கல்லூரிச் சேர்க்கைக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த ஆறாயிரம் ரூபாயை, கடலில் வலைகளை இழந்த ஒருவருக்கு அப்பா ஒரே மாலையில் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஓர் ஆண்டு போயிற்று. வாங்கியவர் வேறு கரைக்குத் தொழிலுக்குப் போய்விட்டார். அப்பாவிடம் நான் இருபது ஆண்டுகள் தேவைக்கு மட்டுமே பேசினேன். கேட்க வேண்டிய கேள்வியை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கலாம் என்று நான் துணிந்தபோது அவருக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. என்னைச் சில நாள் தம்பி என்றார். சில நாள் ஸ்டேஷன் மாஸ்டர் என்று எண்ணி எழுந்து நின்றார். கொடுத்தவர் போய்விட்டார், அவருடைய உடல் மட்டும் திண்ணையில் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு வசதி இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2014இல் ஒருநாள் அந்த மனிதர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்னயத் தெரியுதாண்ணே? வலையெல்லாம் போன வருசம் குடுத்தீகளே."

அப்பா பார்த்தார். தெரியவில்லை. அம்மா சொல்லிப் பார்த்தாள், பயனில்லை. வந்தவர் பணத்தை எடுத்து அப்பாவின் இரு கைகளிலும் வைத்து அழுத்தினார். அப்பா நோட்டுகளை மடியில் வைத்து நீவி, ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நிமிர்ந்து, அந்த மனிதரின் முகத்தைக் கவலையோடு பார்த்து, பணம் முழுவதையும் அவரிடமே நீட்டினார்.

"இது போதுமாப்பா?"

அவர் திண்ணையிலேயே உட்கார்ந்து அழுதார். நான் உள்ளே போய்விட்டேன்.

பன்னிரு நிதானங்களில் இரண்டாவதைச் செய்கை என்கிறது மணிமேகலை. வடமொழியில் சம்ஸ்காரம். வினை என்று மட்டும் அதுவரை அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். செய்து செய்து படிந்து, அடுத்த செயலைத் தானே பிறப்பிக்கும் ஒரு சாய்வு என்றும் அதைச் சொல்லலாம். அப்பாவின் பெயரும், ஊரும், மகனும், 1993ஆம் ஆண்டும் அவரைவிட்டு உதிர்ந்திருந்தன. கையில் பணமும் எதிரில் வாடிய முகமும் கூடியவுடன் கொடுத்தல் மட்டும் எழுந்தது. கொடுத்தவர் என்று நான் இருபது ஆண்டுகளாகக் கோபித்துக்கொண்டிருந்த ஆள் அங்கே இல்லை. வேறு ஆளும் இல்லை. இது அநாத்மத்துக்குச் சரியான விளக்கம்தானா என்று பௌத்தம் பயின்ற நண்பர்கள் சொல்லட்டும். மூப்பில் எஞ்சும் பழக்கம், அவ்வளவுதான் என்று மருத்துவர் சொல்லக்கூடும். இரண்டும் பெரிதாக முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்பா 2018இல் மறைந்தார். 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதியது திறக்கப்பட்டது. ஊரில் அதையும் பாம்பன் பாலம் என்றே சொல்கிறார்கள்.

அன்று அந்த மனிதர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டுப் போனார். மாலையில் அம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, உன் காலேஜ் பீசு."

யாருடைய கட்டணம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.