குளிர்காலத் துறை

கடற்பயணம் என்றவுடன் விரிந்த பாயும் பொங்கும் அலையுமே மனக்கண்ணில் தோன்றும். ஆனால், ஒரு பாய்மரப் படகின் ஆயுளைத் தீர்மானிப்பவை அது ஓடிய நாள்கள் மட்டுமல்ல; ஓடாமல் ஓய்ந்திருந்த மாதங்களும்தாம். மத்திய தரைக்கடலில் கோடைக்காலத்தைக் கழிக்கும் படகோட்டிகளுள் பலர் இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற வடநாடுகளைச் சேர்ந்தவர்கள். அக்டோபர் மாதத்தில் காற்று போக்கு மாறியதும், படகை அயல்நாட்டுக் கரையொன்றில் விட்டுவிட்டு அவர்கள் வீடு திரும்புகின்றனர். ஏறத்தாழ ஆறு மாதங்கள் படகு தனித்திருக்கும். அதனை எங்கே விடுவது? யார் பொறுப்பில் விடுவது? பணி ஓய்வுக்குப்பின் தம் சேமிப்பின் பெரும்பகுதியைப் படகில் இட்டவருக்கு இவை எளிய கேள்விகள் அல்ல.

இக்கேள்விகள் புதியனவும் அல்ல. ஏறத்தாழ 2700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் ஹெசியோட், ‘வேலைகளும் நாள்களும்’ என்னும் நூலில் உழவுத்தொழிலோடு படகுப் பராமரிப்பையும் பேசுகிறார். குளிர்காலத்தில் படகைக் கரையேற்ற வேண்டும். காற்றைத் தாங்கும்படி சுற்றிலும் கற்களை அடுக்க வேண்டும். மழைநீர் தேங்கி மரம் உளுத்துப்போகாதவாறு அடியிலுள்ள அடைப்பை எடுத்துவிட வேண்டும். சுக்கானை வீட்டினுள் புகைபடும் இடத்தில் தொங்கவிட வேண்டும் என்பன அவர் கூறும் முறைகள். பிற்காலத்தில் உரோமானிய எழுத்தாளர் வெகெதியுஸ், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்டது என்றே வரையறுத்தார்.

காலம் தாழ்த்தியோர் அடைந்த துன்பத்திற்கும் பழைய சான்று உண்டு. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் என்னும் பகுதி, இத்தாலி நோக்கிச் சென்ற அலெக்சாந்திரியக் கப்பல் ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. பயணத்திற்குரிய பருவம் கடந்த நிலையில் அது கிரீட் தீவின் தென்கரையில் ஒரு துறையை அடைந்தது. அத்துறை குளிர்காலத்தைக் கழிக்க வசதியானதன்று. எனினும், மேலும் செல்வது ஆபத்து என்று கைதியாகச் சென்ற பவுல் எச்சரித்தார். மாலுமியும் கப்பல் உரிமையாளரும் அதே தீவின் வேறொரு துறையை விரும்பினர். தெற்கிலிருந்து மெல்லிய காற்று வீசவே, நங்கூரத்தை உயர்த்திப் புறப்பட்டனர். விரைவிலேயே தீவின் பக்கமிருந்து வடகிழக்குச் சூறை சீறிப் பாய்ந்தது. பல நாள்கள் அலைக்கழிந்த கப்பல் மால்டா கரையில் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர், கப்பல் பிழைக்கவில்லை. நல்ல துறையைத் தேடியதன்று அவர்தம் குறை. தேடலைக் காலங்கடந்து தொடங்கியதே குறை. குளிர்காலத் துறையைக் கோடையிலேயே தேர்ந்துகொள்வது அறிவுடைமை.

தேர்வின் முதற்படி, படகு நீரில் இருப்பதா, நிலத்தில் இருப்பதா என்பதாகும். மரப்பலகைகளால் ஆன படகு நெடுநாள் உலர்ந்தால் பலகைகள் சுருங்கி, இணைப்புகள் விரியும்; அதற்கு நீரே நலம். கண்ணாடியிழைப் படகோ நீரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அதன் மேற்பூச்சினுள் நீர் கசிந்து கொப்புளங்கள் தோன்றக்கூடும். அதற்கு உலர்ந்த ஓய்வு நன்மை தரும். ஆகவே, பிறர் போற்றும் துறையே தமக்கும் ஏற்றது என்று கொள்ளாமல், தம் படகின் இயல்பை அறிந்தே துறையைத் தேட வேண்டும்.

நீரில் விடுவோர் காணவேண்டியது கோடையின் அமைதியை அன்று. குளிர்காலப் புயல் எத்திசையிலிருந்து வரும் என்பதையே. 2018 அக்டோபர் 29 அன்று இத்தாலியின் ரப்பாலோ நகரில், பேரலைகள் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரையே உடைத்து உட்புகுந்தன. உள்ளே பாதுகாப்பாகக் கட்டப்பட்டிருந்த படகுகள் பல கரையில் தூக்கி வீசப்பட்டன. கட்டிய கயிறு எத்துணை வலியதாயினும், அதற்கு அரணாக நின்ற சுவர் வீழ்ந்தபின் பயனில்லை.

நிலத்தில் விடுவோர்க்கும் கவலைகள் உண்டு. தரை கற்காரையால் ஆனதா, வெறும் மண்ணா? மண்தரை மழையில் நெகிழ்ந்தால், படகைத் தாங்கும் முட்டுகள் மெல்லப் புதையும். ஒரு படகு சாய்ந்தால் அடுத்ததன்மீது விழும். அது தனக்கு அடுத்ததைத் தள்ளும். கிரேக்கத்தின் மேற்குக் கரையிலோ நிலநடுக்கமும் மிகுதி. லெஃப்காதா தீவு 2003, 2015 ஆகிய ஆண்டுகளில் கடுமையாக அதிர்ந்தது. அத்தகைய இடத்தில் தனித்தனி முட்டுகளைவிட, ஒன்றாக இணைக்கப்பட்ட இரும்புத் தாங்குசட்டகமே நம்பத்தக்கது. பாய்களைக் கழற்றி உள்ளே வைப்பதும் இன்றியமையாதது. சுருட்டிவைத்த பாய் சூறையில் அவிழ்ந்தால், கரையில் நிற்கும் படகையும் அது கவிழ்த்துவிடும்.

இயற்கையைக் கடந்து சட்டமும் குறுக்கிடுகிறது. 2021 முதல், பிரித்தானியக் குடிமக்கள் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்குமேல் பொதுவாகத் தங்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே வாழ்வோர், அங்கே வரி செலுத்தாமல் தம் படகைப் பொதுவாக 18 மாதங்கள் வைத்திருக்கலாம். பின்னர் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். அதனால் சிலர் கிரேக்கத்தின் பிரெவெசாவை விடுத்து, மலைகள் சூழ்ந்த விரிகுடாவில் அமைந்த துருக்கியின் மார்மரிசை நாடுகின்றனர். துருக்கி அவ்வொன்றியத்தில் சேராத நாடு.

தரை, சுவர், சட்டம், கட்டணம் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. சனவரி மாதத்து நள்ளிரவில் காற்று ஓலமிடும்போது, உரிமையாளர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருப்பார். அவ்வேளையில் கைவிளக்கோடு எழுந்து சென்று, தளர்ந்த முட்டை இறுக்குபவர் யார்? தேய்ந்த கயிற்றை மாற்றுபவர் யார்? விளம்பரத் தாளில் இதற்கு விடை இராது. பட்டறையில் ஏற்கெனவே நிற்கும் படகுகளைச் சுற்றி நடந்து பார்த்தால் விடை கிடைக்கும். நெடுங்காலம் உரிமையாளர் வாராத படகின் முட்டுகளும் நேராக நிற்கின்றனவா, கிழிந்த உறை மீண்டும் கட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். கேட்க ஆளில்லாத படகையும் பேணுகின்ற பட்டறையில், தம் படகை நம்பி விட்டுச் செல்லலாம்.