நிரப்பாத கட்டம்

மகாபலேசுவரம் என்றதும் நம் சங்கத்து அன்பர்களுக்குக் கோடை விடுமுறையும் ஸ்ட்ராபெரிப் பழமுமே நினைவுக்கு வரும். எங்களுக்கோ மழைதான் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறத்தாழ 1,380 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், வானிலை நோக்கும் பணியின் பொருட்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடும்பத்துடன் வாழ்ந்தோம்.

அங்கே ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அதில் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அந்நாட்களில் துணி உலராது, உப்பு நீராகும், அப்பளம் நமுக்கும், தீக்குச்சி பற்றாது. ஆயினும் காலை 8.30 மணிக்கு ஒருவர் குடை பிடிக்க, மற்றவர் குறிப்பேட்டுடன் கருவிகளிடம் சென்றாக வேண்டும். நாடெங்கும் மழையை அளக்கும் நேரம் அதுவே.

வெண்ணிற மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் பார்ப்போம். மூடுபனியில் உலர் குமிழும் ஈரக் குமிழும் ஒரே அளவைக் காட்டி நிற்கும். வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று குறிப்பது வழக்கம். வானமே தெரியாத நாளில் 9 என்று எழுதுவோம். ‘தெரியவில்லை’ என்று சொல்லவும் அங்கு ஓர் எண் உண்டு.

ஓர் ஆடி மாதக் காலையில் பாசியில் கால் வழுக்கியது. மழைமானியிலிருந்து எடுத்த கலத்து நீர் முழுதும் தரையில் கொட்டிவிட்டது. ஓர் இரவுப் பெருமழை அளக்கப்படாமலே மண்ணில் கலந்தது.

வாயிலில் நின்று பார்த்த எங்கள் மகள், “நேற்றுப் போலத்தானே பெய்தது? அதையே எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அப்பா?” என்றாள். உண்மையைச் சொன்னால், அவள் கேட்குமுன்பே அவ்வெண்ணம் எங்கள் நெஞ்சிலும் எழுந்திருந்தது. பதவி உயர்வு நெருங்கியிருந்த காலம் அது.

பக்கத்து ஊர்க் கணக்கைக் கொண்டு நிரப்பவும் இயலாது. மேற்கிலிருந்து வரும் முகில் மலைமேல் ஏறிக் குளிர்ந்து, தன் நீரில் பெரும்பகுதியை இங்கேயே பொழிந்துவிடும்; சிறிது தொலைவிலுள்ள பஞ்சகனியிலேயே மழை மிகவும் குறைந்துவிடும். கிருஷ்ணையாறு பிறப்பதும் இம்மலையில்தான். 1996 முதல் அதன் நீர் கால்வாய் வழியே பூண்டிக்கு வந்து, சென்னையின் குடிநீரிலும் கலக்கிறது. நம் உற்றார் வீட்டுக் குடத்தை நிரப்பும் ஆற்றின் கணக்கில் பொய்யைச் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கட்டத்தை வெறுமையாக விட்டோம். காரணத்தை அருகில் எழுதிக் கையொப்பமிட்டோம். மகள் அதை உற்றுப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவ்வாண்டு உயர்வு வரவில்லை. அதற்கு இதுவே காரணம் என்று கூறமாட்டோம். அதுவும் நாங்கள் அளந்தறியாத ஒன்று.

இன்று அவள் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். சென்ற மாதம் தொலைபேசியில், “ஒரு சோதனை முடிவில் ஐயம் வந்தது, அம்மா. மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொன்னேன். நோயாளியின் வீட்டார் கோபித்துக்கொண்டார்கள்” என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கென்று நாம் சேர்த்துவைக்கும் பொருளில் அந்த வெறுங்கட்டமும் ஒன்றுபோலும்.