ஒரே கையால் இரண்டு கடன்

அயோடின்-131இன் அரை ஆயுள் எட்டு நாள். முதல் எட்டு நாளில் பாதி அழியும், அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட என் அம்மாவுக்கு இந்தக் கணக்கை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தைராய்டு புற்றுநோய். அறுவை முடிந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களை அழிக்க ஒரு கேப்சூல் கொடுத்துத் தனியறையில் வைத்துவிட்டார்கள். போனில்தான் பேச்சு.

"நெறைய தண்ணி குடிக்கச் சொல்றாங்க மிஸ்ஸி. ஏன்டா, ராத்திரில மின்னுவேனா?"

"மின்ன மாட்டம்மா."

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் வேண்டும். வருவது சாதா அயோடினா, கதிர்வீசும் அயோடினா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் இழுத்துக்கொள்ளும். உள்ளே போன அணு சிதையும்போது கிளம்பும் பீட்டா துகள் அதிகம் போனால் சில மில்லிமீட்டர்தான் போகும். அக்கம்பக்கத்துச் செல்லைக் கொன்றுவிட்டு அடங்கிவிடும்.

இந்த அயோடினை 1938இல் பெர்க்லியில் கண்டுபிடித்தவர்கள் ஜான் லிவிங்குட், கிளென் சீபோர்க் இருவரும். பிற்காலத்தில் சீபோர்க்கின் சொந்தத் தாயாருடைய ஆயுளையும் அது நீட்டித்தது. இதைப் படித்தபோது அந்த மனிதர் எனக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

ஆனால் 1941இல் புளூட்டோனியத்தைக் கண்டறிந்த குழுவிலும் அவர் இருந்தார். நாகசாகியில் 1945 ஆகஸ்ட் 9இல் வெடித்தது புளூட்டோனியக் குண்டு. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆளில்லாத இடத்தில் முதலில் வெடித்துக் காட்டுங்கள் என்று கேட்ட ஃபிராங்க் அறிக்கையில் கையெழுத்திட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் என் தாத்தா வருகிறார். சயாம் மரண ரயிலுக்குத் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன பல்லாயிரம் தமிழர்களில் ஒருவர். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பராமரிப்பு வேலைக்கென்று அங்கேயே வைத்திருந்தார்கள். "ஜப்பான்ல பெரிய குண்டு போட்டானுங்களாம். அதனாலதான் உசுரோட வந்தேன்" என்பார். குண்டு விழுந்த அதே நாளில் சோவியத் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. ஜப்பான் சரணடைந்தது எதனால் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தாத்தாவுக்கு அந்த வாதமெல்லாம் இல்லை. அவர் திரும்பி வந்தார். அதனால் அம்மா பிறந்தார், நானும் பிறந்தேன்.

ஆக, ஒரே ஆளிடம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு கடன். அயோடினுக்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அம்மா இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய் மீன் விலைக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தார். இன்னொரு கடனைத்தான் எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியாமல் ரொம்ப நாள் இருந்தேன்.

நாகசாகியில் அந்த வருடம் முடிவதற்குள் சுமார் 70,000 பேர் இறந்தார்கள். அவர்களில் கொரியர்களும் இருந்தார்கள் என்பதை நான் பள்ளியில் படித்ததில்லை. பலர் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்கள். வேறு மொழி, வேறு ஊர், ஆனால் தாத்தாவைப் பிடித்த அதே கை பிடித்த ஆட்கள்தான். தாத்தாவை விடுவித்ததாக நாங்கள் நம்பும் குண்டு அவர்களைக் கொன்றது.

தாத்தா சொன்ன வாக்கியத்தைத் தாத்தா சொல்லலாம். அந்தக் காட்டில் கிடந்தவர் அவர். அதை அப்படியே எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.