பின்னணியில் நகரம்

துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. விடிந்தும் விடியாத நேரத்திலேயே கம்பெனி வேன்களும் தண்ணீர் லாரிகளும் அதில் விரையத் தொடங்கிவிடும். அந்தச் சாலையோரத்தில் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பையின்மேல் நீண்ட லென்ஸைக் கிடத்திக் குனிந்து நிற்பவர்களைத் தென்சென்னைக்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். வார நாட்களில் அலுவலக நாற்காலியில் இருப்பவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் நானும் அவர்களோடு நின்றேன்.

“சார், என்ன பாக்குறீங்க? பாம்பா?” என்று பைக்கை நிறுத்திக் கேட்டார் ஒருவர்.

“பவளக்கால் உள்ளாண்ணே. அதோ, செவப்புக் காலு” என்று கேமராவையே அவரிடம் நீட்டினார் ஒரு இளைஞர். பார்த்தவர் நேரமாவதையும் மறந்து நின்றார்.

இந்தக் கலைக்கு அவசரம் உண்டு. வெயில் ஏறி நிலமும் தாரும் சூடானதும் காற்று நெளியத் தொடங்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸானாலும், அந்தக் கானலைத் தாண்டித் தொலைவிலுள்ள பறவையின் இறகைத் துல்லியமாகப் பிடிக்காது. ஆகவே நல்ல படமெல்லாம் காலையின் முதல் இரண்டு மணி நேரத்தில் எடுத்ததாக இருக்கும், இல்லையேல் மாலையில். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும்; அதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வந்தால் கானலும் கூடவே வந்துவிடும்.

பெரும்பாலான படங்களில் பறவைக்குப் பின்னால் மங்கலான பச்சை மட்டுமே தெரிகிறது. லென்ஸின் துளையை அகலத் திறந்து, கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, பெருங்குடிக் குப்பைக் கிடங்கையும் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களையும் படத்திலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அழகான படங்கள்தான். ஆனால் படத்திலுள்ள கூழைக்கடா பள்ளிக்கரணையில் இருந்ததா, பரத்பூரில் இருந்ததா என்று சொல்ல வழியில்லை.

அன்று கூட்டத்தில் மூத்தவராக இருந்தவர் வேறு மாதிரி வேலை செய்தார். நீண்ட லென்ஸைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டினார். துளையை எஃப் 11 வரை சுருக்கினார். நாமக்கோழிகள் பொட்டுப் பொட்டாகச் சிறுத்தன. ஆனால் கோரை, நெகிழிப் பை, பறக்கும் ரயில் பாதை, கிரேன் எல்லாம் படத்துக்குள் வந்தன. ஆண்டுதோறும் இதே இடத்தில், இதே லென்ஸில், தை மாதத்தில் ஒரு படம் எடுக்கிறார். தண்ணீர் எங்கே பின்வாங்கியது, கோரை எங்கே அடர்ந்தது, எந்தக் கட்டடம் புதிது என்பதை அந்த வரிசை காட்டுகிறது. பறவைகளை நேசிப்பவர்கள் செய்யவேண்டிய வேலை இதுதான் என்று எனக்குப் படுகிறது. பள்ளிக்கரணை 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அந்த எண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இப்படிப்பட்ட படங்கள் நேரடிச் சாட்சி.

நகரை நீக்காமல் எடுத்த படத்துக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்பவர்கள் நயன் கானோல்கரின் படத்தைப் பார்க்கலாம். மும்பை ஆரே காலனியின் குறுகிய சந்தில் நடந்துவரும் சிறுத்தை அது. அந்தச் சந்தின் வழக்கமான வெளிச்சத்தையொட்டி ஃபிளாஷ்களை அமைத்து, வரும் விலங்கு படத்தை முழுதாக அடைத்துக்கொள்ளாதபடி கேமராவை வைத்து மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தார். 2016இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், நகர்ப்புறப் பிரிவில் அது வென்றது.

நமக்கு இதில் முன்னோடியும் உண்டு. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் என்றே பலரும் அறிவர். ஆனால் 1950 முதல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் அவர் எழுதிய பத்தியில் நகரத்துக் காக்கைக்கும் அணிலுக்கும் இடம் இருந்தது.

ஒரு கவலையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் எழும்பிப் பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிபவர்கள் இருக்கிறார்கள். கோடையில் பவளக்கால் உள்ளான் வெட்டவெளி மண்ணில் முட்டையிடும். ஆள் நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்துவிடும். சித்திரை வெயிலில் முட்டை அதிக நேரம் தாங்காது. இப்படி எடுத்த படத்தை எந்தப் போட்டியும் ஏற்கக் கூடாது.

எட்டரை மணிக்குக் கானல் வந்துவிட்டது. மூத்தவர் டிரைபாடை மடக்கினார். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அன்றைய பறவைப் பட்டியலோடு அகலப் படத்தையும் சேர்த்து ஏற்றப்போவதாகச் சொன்னார். அடுத்து பெரும்பாக்கம் ஏரிக்கும் ஒரு நிரந்தர இடம் பார்க்க வேண்டுமாம். கரை மேலா, மதகுப் பக்கமா என்பதில் அவருக்கும் அந்த இளைஞருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.