கப்பலில் ஓர் அறை

புதுக்கோட்டைப் பக்கத்தில் கப்பல் என்றால் ஒரு காலத்தில் ‘ரஜூலா’தான். 1926-ல் கட்டிய அந்தக் கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, தட்டில் பாய் விரித்துப் பினாங்குக்குப் போனவர்கள் பிழைக்கப் போனவர்கள்.

2022 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்ப்ரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியது. 11 அடுக்கு, நீச்சல் குளம், நாடக அரங்கு! கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சென்னைக்கே கொண்டுவந்து விடும். விடுமுறைக்கு உல்லாசக் கப்பல்தான் என்று எங்கள் வீட்டில் தீர்மானமாயிற்று. கடல் தெரியும் அறையா, ஜன்னல் இல்லாத மலிவு அறையா என்பதுதான் வழக்கு.

90 வயதுச் சின்னப் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ரஜூலாவில் போனவர், திரும்பவே இல்லை.

“இந்தக் கப்பல் திரும்பி வருமாடா?”

“மூன்றாம் நாளே வந்துவிடும், பாட்டி.”

“அப்படீன்னா எந்த அறையிலேயாவது போயிட்டு வா.”

ஜன்னல் அறைக்கே பணம் கட்டினேன். திரும்பும்போது கரை தெரிய வேண்டும் அல்லவா?